டோ ஆன கார்: இன்று மீட்பது, பிறகு வழக்காடுவது

டெக்சாஸ் மாநிலத்தில் வாடகை அப்பார்ட்மென்டில் குடியிருப்பவரின் காரை, அவர் குடியிருக்கும் வளாகத்திலிருந்தே டோ டிரக் இழுத்துப் போய்விட்டால், அவருக்கு இரண்டு வேலைகள் வந்து சேர்கின்றன. ஒன்று, காரை வெளியே கொண்டுவருவது. மற்றொன்று, இழுத்தது தவறு என்று நிறுவிக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது. இவை இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் பேசித் தீர்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர் இரண்டையுமே கெடுத்துக்கொள்கிறார். இழுத்த கார்களை வைத்திருக்கும் டோ யார்டின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு நியாயம் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரசீதும் சாவியும்தான். நியாயம் சொல்லும் அதிகாரம் உள்ள இடம் ஜஸ்டிஸ் கோர்ட், அதாவது எல்லோரும் ஜே.பி. கோர்ட் என்று சொல்லும் கீழ்நிலை நீதிமன்றம். அங்கே உங்கள் கோபம் எடுபடாது, நீங்கள் எடுத்த புகைப்படம் எடுபடும். ஆகவே இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரு வரிசையைத்தான்: பணத்தைக் கட்டிக் காரை உடனே எடுங்கள், அன்றைக்கே சான்றுகளைச் சேருங்கள், சட்டம் தந்திருக்கும் கெடுவுக்குள் எழுத்தில் விசாரணை கேளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் ஏன் நிற்காது என்பதையும் கீழே விளக்குகிறேன். இங்கே பேசுவது டெக்சாஸ் தொழில் சட்டத் தொகுப்பின் 2308ஆம் அத்தியாயத்தைப் பற்றி. மற்ற மாநிலங்களில் விதியும் கெடுவும் வேறு.

முதலில் காரைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்திய இடம் காலியாக இருந்தால் திருட்டுப் போய்விட்டது என்ற பதற்றம்தான் முதலில் வரும். ஆனால் 911ஐ அழைக்க வேண்டிய விஷயம் இல்லை இது. காரை உள்ளே எடுத்த யார்டு இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. எனவே காவல்துறையின் அவசரமில்லாத எண்ணை அழைத்து நம்பர் பிளேட்டைச் சொன்னால் எந்த யார்டு என்று தெரிந்துவிடும். வளாக வாசலில் உள்ள டோ பலகையிலும் 24 மணி நேரமும் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் இருக்க வேண்டும். டிரக் இன்னும் வளாகத்துக்குள்ளேயே நிற்கும்போது நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் நிலைமை உங்களுக்குச் சாதகம். காரை டிரக்கோடு முழுதாகப் பூட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டால் காரை நீங்களே எடுத்து நகர்த்திக்கொள்ளலாம். பூட்டிவிட்டார்கள், ஆனால் வளாகத்தைத் தாண்டவில்லை என்றால் டிராப் ஃபீ எனப்படும் குறைந்த கட்டணத்தோடு இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் டிரக் முன்னால் போய் நின்று மறிப்பது, டிரைவரோடு கைகலப்பில் இறங்குவது போன்ற காரியங்கள் வழக்கையே உங்கள் மேல் திருப்பிவிடும். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, டிராப் ஃபீயைக் கட்டி, ரசீது வாங்குங்கள்.

கார் யார்டுக்குப் போய்விட்டதென்றால் தாமதம் செய்யாமல் போய் எடுங்கள். அங்கே நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். யார்டு ரொக்கத்தை மட்டும்தான் வாங்குவோம் என்று சொல்ல முடியாது. கிரெடிட் கார்டும் டெபிட் கார்டும் ஏற்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் எல்லாம் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால், உரிமையை நிரூபிக்கத் தேவையான காகிதங்களைக் காருக்குள்ளிருந்து எடுக்க உங்களை அனுமதிக்கவும் வேண்டும். ‘நான் தவறே செய்யவில்லை, எதற்கு ஒரு டாலர் கட்ட வேண்டும்?’ என்று வீம்பாகக் காரை அங்கேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்த மனநிலை புரிகிறது. ஆனால் யார்டில் கிடக்கும் கார் ஒவ்வொரு நாளும் உரிமையாளரை விட்டு விலகிப் போகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு அப்பார்ட்மென்ட் டோ வழக்கு இதற்குச் சாட்சி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் வாடகைக்கு இருந்த ராபர்ட் பெல்கி என்பவரின் 2004 ஹோண்டா சிவிக், 2007 பிப்ரவரிப் பனிப்புயலின்போது வாகன நிறுத்துமிடத்தில் பனியை அள்ளுவதற்காக நகர்த்தப்படவில்லை என்று இழுக்கப்பட்டது. அவர் அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகு மருத்துவமனையில் அவருடைய ஒரு பாதம் அகற்றப்பட்டது, மாரடைப்பும் வந்தது. கார் போன விஷயம் ஏப்ரலில் வீடு திரும்பும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டணத்தைக் கட்டிக் காரை எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் தரப்பு சொல்லியும் கார் வேறொருவருக்குக் கைமாறியது. அவருக்கு ஒரு பைசா வரவில்லை. மாநிலச் சட்டத்தின்படி அவர் வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 2013 மே மாதத்தில். வழக்குப் போடும் உரிமை உறுதியாவதற்கே ஆறு ஆண்டு பிடித்தது. பெல்கிக்கு மருத்துவமனைப் படுக்கை காரணமாக இருந்தது. நடமாட முடிகிற ஒருவர் அதே அபாயத்தை வலிய இழுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பணம் கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா என்பது நியாயமான சந்தேகம். டெக்சாஸ் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. இழுத்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று கோர்ட் காணாவிட்டால், இழுக்கச் சொன்னவர் டோ கட்டணத்தையும் யார்டு வாடகையையும் தாமே ஏற்க வேண்டும், அல்லது கார்க்காரர் ஏற்கெனவே கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று 2308.451ஆம் பிரிவு சொல்கிறது. கட்டிவிட்டு வந்து கேட்பவருக்காகவே ‘திருப்பித் தர வேண்டும்’ என்ற வழி அங்கே இருக்கிறது. இந்தப் பிரிவில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. லீசிங் ஆபீஸுக்குப் போனால் ‘எங்களுக்குத் தெரியாது, டோ கம்பெனியிடம் பேசுங்கள்’ என்பார்கள். டோ கம்பெனியைக் கேட்டால் ‘அப்பார்ட்மென்ட் சொன்னது, நாங்கள் இழுத்தோம்’ என்பார்கள். ஆளுக்கொரு பக்கம் கைகாட்டும் இந்த விளையாட்டில் வாடகைதாரர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார். சட்டமோ இழுக்கச் சொன்னது யார் என்றுதான் கேட்கிறது. அந்தப் பெயரை ரசீதிலோ யார்டு தரும் அறிவிப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் பெயர் இல்லையென்றால் ஜன்னலை விட்டு நகர்வதற்குள் கேளுங்கள். யாரை எதிர்த்து வழக்காடுவது என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எது தவறான டோ என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எரிச்சலூட்டுகிற டோ எல்லாம் சட்ட விரோதமானது இல்லை. குறியிடப்பட்ட ஃபயர் லேனில் நிறுத்தியிருந்தாலும், வளாகத்தின் கேட்டை மறித்திருந்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் அனுமதி இல்லாமல் நிறுத்தியிருந்தாலும் வழக்கில் வெல்வது அரிது. ‘ஐந்து நிமிடம்தான் நிறுத்தினேன்’ என்பது எந்தக் கோர்ட்டிலும் வாதமாக நிற்காது. மற்ற பெரும்பாலான நேரங்களில் கேள்வி அறிவிப்பைப் பற்றியது: இங்கே நிறுத்தினால் இழுப்போம் என்று உங்களுக்குச் சட்டப்படி சொல்லப்பட்டதா? டெக்சாஸில் அதைச் சொல்லும் வழக்கமான வழி வாசல் பலகை. அந்தப் பலகைக்கு அளவு உண்டு. குறைந்தது 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம். கம்பத்திலோ சுவரிலோ நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்குக் குறையாமலும் எட்டடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உள்ளே வரும் ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒவ்வொரு வாசலிலும் இருக்க வேண்டும். டோ சின்னமும், யார் நிறுத்தலாம் என்ற வாசகமும், எந்த நாள் எந்த நேரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இழுக்கும் நேரத்திலும், அதற்கு முந்தைய 24 மணி நேரமும் அது அங்கே இருந்திருக்க வேண்டும். பின்வாசலில் மரக்கிளை மறைத்த பலகை, வண்டி மோதிச் சாய்ந்து கிடக்கும் பலகை, பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றி வைத்த பலகை, இவை ஒவ்வொன்றும் உங்கள் வழக்கின் அடித்தளமாகலாம். ஆகவே டேப் ஒன்றை எடுத்துப் போய்ப் பலகையோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுங்கள்.

குடியிருப்பவருக்கு வெளியாளைவிடக் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. டெக்சாஸ் சொத்துச் சட்டத் தொகுப்பின் 92.0131ஆம் பிரிவின்படி, வாகன நிறுத்த விதிகளின் நகலைக் குத்தகை கையெழுத்தாவதற்கு முன்பே வீட்டு உரிமையாளர் தர வேண்டும். குத்தகைக் காலத்தின் நடுவே விதியை மாற்றினால் புது விதி நகல் தரவேண்டும். கட்டுமானமோ குடிநீர், மின்சாரம் போன்ற வசதிகளில் திடீர்ச் சிக்கலோ காரணமாக இருந்தால் தவிர, அறிவிப்புத் தந்த 14ஆம் நாளுக்கு முன்னால் அது நடைமுறைக்கு வரக் கூடாது. இதை மீறினால் 100 டாலர் அபராதமும், அதனால் வாடகைதாரருக்கு ஏற்பட்ட டோ, யார்டு செலவும் உரிமையாளர் தலையில் விழும். வளாகம் புதிய நிர்வாகத்தின் கைக்கு மாறும் காலத்தில் இந்தப் பிரிவு மிகவும் உதவும். பழைய ஸ்டிக்கர் செல்லாது, இனி நம்பர் பிளேட்டை ஆப்பில் பதிய வேண்டும் என்று லாபிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டு அடுத்த நாளே இழுக்கத் தொடங்கினால், அந்த டோவுக்கு எதிராக உங்கள் கையில் வலுவான வாதம் இருக்கிறது. பதிவு ஸ்டிக்கர் காலாவதியான காரைப் பற்றியும் தனி விதி உண்டு. அப்படிப்பட்ட காரை இழுக்கலாம் என்று குத்தகையில் எழுதியிருந்தாலும், குறைந்தது பத்து நாள் முன்கூட்டி எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்று அந்த நிபந்தனையே சொல்லியிருந்தால்தான் அது செல்லும். பதிவு முடிந்து மூன்று நாளில் கார் காணாமல் போனால், பதிவு முடிந்தது உங்கள் தவறு என்பதால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பதிவுக்கான அபராதம் வேறு, அறிவிப்பில்லாத டோ வேறு.

சான்று சேர்ப்பதில்தான் இந்த வழக்குகள் வெல்லப்படுகின்றன, ஏனென்றால் நிரூபிக்கும் பொறுப்பு விசாரணை கேட்டவர் மீதே விழுகிறது. கொஞ்சம் கடுமையான ஏற்பாடுதான். ஆனால் நேரில் வந்து சாட்சி சொல்லாதவரின் வார்த்தையைக்கூட, நம்பத்தகுந்தது என்று நீதிபதி கருதினால் ஏற்கலாம் என்றும் அதே சட்டம் அனுமதிக்கிறது. எனவே லீசிங் ஆபீஸோடு நடந்த இமெயில், பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தந்த இரண்டு வரி, ஆப்பில் உங்கள் நம்பர் பிளேட் பதிவாகியிருக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாமே பயன்படும். யார்டில் காரைக் கண்டதும் கதவைத் திறப்பதற்கு முன்பே, கண்ணாடிக்குள் பெர்மிட் ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து படம் எடுங்கள். கதவைத் திறந்து சீட்டில் கை வைத்துவிட்டால், ஸ்டிக்கரை நீங்கள் அப்புறம் ஒட்டியதாகச் சொல்ல இடம் கொடுத்தவராவீர்கள். கண்ணாடியில் தொங்கவிடும் பெர்மிட் தவறிக் கீழே விழுந்திருந்தால் அதையும் விழுந்த இடத்திலேயே படம் எடுங்கள். அது உங்களுக்குப் பாதகமாகத் தோன்றினாலும், செல்லுபடியாகும் பெர்மிட் காருக்குள் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நான்கு பக்கமும் சுற்றி வந்து பம்பர், சக்கரம், அடிப்பகுதி ஆகியவற்றையும் படம் எடுத்து, புதிய கீறல் இருந்தால் ஜன்னலில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். பிறகு வளாகத்துக்குத் திரும்பி, கார் நின்ற இடம், தரையில் எழுதிய எண், ஒவ்வொரு வாசலிலும் உள்ள பலகை அல்லது பலகை இல்லாத கம்பம், அத்தனையையும் அன்றே எடுங்கள். தகராறு வந்தது தெரிந்தால் புதுப் பலகை முளைப்பதற்கு அதிக நாள் ஆகாது.

அடுத்தது விசாரணை மனு. இழுத்த காரை யார்டில் வைத்த நாளிலிருந்து 14ஆம் நாளுக்கு முன்பே, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களை விட்டுக் கணக்கிட்டு, கார் இழுக்கப்பட்ட கவுன்டியில் உள்ள ஜஸ்டிஸ் கோர்ட்டில் எழுத்து மனு போய்ச் சேர வேண்டும். கெடுவைத் தவறவிட்டால் உரிமை போய்விடும். யார்டு உங்களுக்குச் சட்டப்படியான அறிவிப்பைத் தராமல் விட்டிருந்தால் மட்டும் இந்தக் கெடு பொருந்தாது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணம் உண்டு. மனுவில் உங்கள் பெயர், முகவரி, எங்கிருந்து எந்த நாள் இழுத்தார்கள், இழுக்கச் சொன்னவர் பெயரும் முகவரியும், யார்டின் விவரம், ரசீதின் நகல், பலகையின் புகைப்படம் அல்லது பலகையே இல்லை என்ற கூற்று, தவறு என்று நீங்கள் கருதும் காரணம், இவ்வளவும் வேண்டும். காரணத்தை எழுதும் இடத்தில்தான் பலரும் நீட்டி முழக்கிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு இரவில் தவித்தது, மேனேஜர் முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மனு கேட்பது அதை இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் மனுவின் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘எனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் கார் நின்றது. செல்லுபடியாகும் பெர்மிட் முன்கண்ணாடியில் இருந்தது, படம் ஒன்று. கிழக்கு வாசலில் டோ பலகை இல்லை, படம் இரண்டு. குத்தகையோடு தரப்பட்ட விதிகளில் பின்புறமாக நிறுத்தத் தடை இல்லை, இணைப்பு மூன்று. கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தரக் கோருகிறேன்.’ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காகிதம் இருக்கிறது பாருங்கள், அதுதான் தேவை. மனு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விசாரணை நடக்க வேண்டும். இழுத்ததற்குத் தகுந்த காரணம் இருந்ததா, கட்டணம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியதா என்ற இரண்டுதான் அங்கே கேள்வி. கட்டண உச்சவரம்பை நிர்ணயிப்பது மாநில உரிமம் வழங்கும் துறையான டி.டி.எல்.ஆர். அதன் இணையதளத்தில் நடப்புத் தொகையைப் பார்த்து, ரசீதின் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுக்கொண்டு போங்கள்.

இவ்வளவு அலைச்சலுக்கு அந்தப் பணம் பெறுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வென்றால் டோவும் வாடகையும் மட்டுமல்ல, கோர்ட் செலவும், புகைப்படத்துக்கு ஆன நியாயமான செலவும்கூட கோர்ட் வாங்கித் தரலாம். மேலும், டோ கம்பெனியோ வளாக உரிமையாளரோ தெரிந்தே அல்லது பொறுப்பில்லாமல் சட்டத்தை மீறியது நிரூபணமானால், 1,000 டாலரோடு கட்டணத்தின் மும்மடங்கும் தர வேண்டும் என்கிறது 2308.404ஆம் பிரிவு. அதைத் தனி வழக்காக, 20,000 டாலர் வரை விசாரிக்கும் அதே ஜஸ்டிஸ் கோர்ட்டில் தொடுக்கலாம். இழுக்கும் ஒவ்வொரு காருக்கும் டோ கம்பெனியிடமிருந்து பணமோ பொருளோ வாங்குவதை வளாக உரிமையாளருக்குச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படிப்பட்ட தடை ஒன்று தேவைப்பட்டதே, யாரும் கேட்காத டோக்கள் எப்படிப் பெருகக்கூடும் என்பதைச் சொல்கிறது. வளாகத்தில் பத்துப் பேருக்கு இது நடந்து பத்துப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டுப் போனால், பதினோராவது காரையும் இழுப்பார்கள். கிரெடிட் கார்டு கம்பெனியிடம் சொல்லிப் பணத்தை நிறுத்திவிடலாம் என்ற யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். டோ செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது கார்டு கம்பெனியின் வேலை இல்லை. அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வாரங்களில் கோர்ட் கெடு ஓடிவிடும்.

கோர்ட்டுக்குப் போனால் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள், வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் லேசானதில்லை. குழந்தையின் பள்ளி அந்த வளாகத்தைச் சார்ந்திருக்கும்போது எவருக்கும் அது வரும். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 92.331ஆம் பிரிவு, சட்டம் தந்த உரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்திய வாடகைதாரரை அதற்காகப் பழிவாங்குவதை ஆறு மாதங்களுக்குத் தடுக்கிறது. மீறினால் ஒரு மாத வாடகையும் 500 டாலரும் அபராதம். ஆனால் வாடகை பாக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கேடயம் உதவாமல் போகலாம், ஆகவே வழக்கு நடக்கும்போது வாடகையை ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். எச்-1பி விசாவிலோ எஃப்-1 விசாவிலோ இருக்கும் நம்மவர்களிடம் இன்னொரு தயக்கம் உண்டு: கோர்ட் என்றாலே விசாவுக்கு ஆபத்து என்று. இது சிவில் விசாரணை. இதில் யாரும் உங்கள் மேல் குற்றம் சுமத்தவில்லை. கட்டணத்தைத் திரும்பக் கேட்டு மனு போடுபவர் நீங்கள்தான். போலீஸ் பிடித்த வழக்கையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, சட்டம் எல்லோருக்கும் தந்திருக்கும் ஒரு வழியை நாமே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

மனு போடுவதற்கு முன் லீசிங் ஆபீஸுக்கு ஒரு இமெயில் அனுப்புவதில் தவறில்லை, அனுப்பவும் வேண்டும். படங்களை இணைத்து, தொகையைச் சொல்லி, ஐந்து வேலை நாளுக்குள் பதில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் அன்றைய பேச்சின் சுருக்கத்தை எழுதி அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் ஆறாவது நாள் கோர்ட்டுக்குப் போங்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக 14 நாள் கெடு நிற்காது. யார்டும் டோ கம்பெனியும் விதியை மீறியதாகத் தெரிந்தால் டி.டி.எல்.ஆருக்குப் புகாரும் செய்யலாம். அது உங்கள் பணத்தை மீட்டுத் தராது, அவர்களின் உரிமத்தைப் பற்றிய விசாரணையைத் தொடங்கும். இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள். டெக்சாஸை விட்டு கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவுதான் பொருந்தும். பலகையின் குறைந்தபட்ச அளவு 17க்கு 22 அங்குலம். ஃபயர் லேன் போன்ற சில இடங்களைத் தவிர, இழுக்கும் நேரத்தில் வளாக உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ அங்கே இருந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

விருந்தாளியின் கார் இழுக்கப்பட்டால் மனு போட வேண்டியவர் காரின் உரிமையாளரோ அதை ஓட்டி வந்தவரோதான், வீட்டுக்காரர் இல்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்காக வாடகைக்கு எடுத்த கார் விசிட்டர் இடத்தில் நின்று போய்விட்டால், அதை ஓட்டியவர் தம் பெயரிலேயே மனு போடலாம். வாடகைக் கார் ஒப்பந்தத்தின் நகலையும், யார்டில் பணம் கட்டியது யார் கார்டில் என்பதற்கான ரசீதையும் மனுவோடு சேர்க்க வேண்டும். கார் கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லி, அவர்கள் தனியாக நிர்வாகக் கட்டணம் பிடித்தால் அந்த ரசீதையும் வாங்கி வையுங்கள். விசிட்டர் இடத்துக்கான விதி வாசல் பலகையில் எழுதியிருக்கிறதா, குத்தகையோடு தந்த தாளில் மட்டும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் விருந்தாளி பார்த்திருக்கக்கூடியது பலகையை மட்டும்தான்.